திருநர் உரிமையைக் குறைக்கும் அரசாணைகள்: நீதிமன்றம் போவதில் பலன் உண்டா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் தோழி ஒரு திருநங்கை. அடையாள ஆவணத்தில் பாலினத்தை மாற்றித் தர மறுத்துவிட்டார்கள், புது விதி வந்துவிட்டது என்கிறார்கள். இப்படிப்பட்ட அரசு விதிகளை எதிர்த்து வழக்குப் போடுவதில் உண்மையில் பலன் உண்டா? ஒரு மாதம் 'நீதிமன்றம் தடை' என்று செய்தி வருகிறது, அடுத்த மாதம் 'தடை நீங்கியது' என்று வருகிறது. தோற்றுப்போனால் இருப்பதும் போய்விடாதா?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் நியாயமானது. ஆமாம், சில நேரம் இருப்பதும் போகும். உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற வழக்கு, அடுத்து வருகிறவர்களின் வழியிலும் கல்லாகக் கிடக்கும். ஆனாலும் இந்த வழக்குகளைப் பல வருடமாகப் படித்து வருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். நீதிபதி நல்லவரா, காலம் சாதகமா என்பதெல்லாம் பாதிதான். நீதிமன்றத்தின் முன் எந்தக் கேள்வியை வைத்தார்கள் என்பது மீதிப் பாதி. ஒரே ஆளின் ஒரே குறையை மூன்று விதமாகக் கேள்வியாக்கலாம்; ஒன்று தோற்கும், ஒன்று இழுத்துக்கொண்டே போகும், ஒன்று ஜெயிக்கும்.

முதலில் அந்த "தடை, தடை நீக்கம்" குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செய்தியில் வருவது பெரும்பாலும் இடைக்காலத் தடை. இறுதித் தீர்ப்பு வர வருடக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த ஆணை நடப்பில் இருக்கட்டுமா, நிறுத்தி வைக்கலாமா என்பது மட்டுமே அந்தக் கட்டத்தில் கேள்வி. மனுவில் முகாந்திரம் இருக்கிறதா, நிறுத்தாவிட்டால் பிறகு ஈடுகட்ட முடியாத பாதிப்பு வருமா, நிறுத்தினால் யாருக்கு எவ்வளவு இடைஞ்சல், பொதுநலன் எந்தப் பக்கம் என்று நீதிபதி பார்ப்பார். இதில் ஜெயித்தால் வழக்கில் ஜெயித்ததாகாது, தோற்றால் வழக்கு முடிந்துபோனதும் ஆகாது.

அமெரிக்காவின் கடவுச்சீட்டு வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். மத்திய அரசைப் பொறுத்தவரை ஆண், பெண் என்று இரண்டே பால், அவை மாறாதவை என்றது அந்த ஆணை. 2022 முதல் விருப்பப்பட்டவர்கள் ஆண், பெண் என்பதற்குப் பதில் 'எக்ஸ்' என்று போட்டுக்கொள்ளலாம் என்றிருந்த வசதி நின்றுபோனது. பிறப்பில் பதிவான பால்தான் கடவுச்சீட்டில் வரும் என்றானது. பாதிக்கப்பட்டவர்கள் மாசசூசெட்ஸ் மத்திய நீதிமன்றம் போனார்கள். ஏப்ரலில் நீதிபதி ஜூலியா கோபிக் இடைக்காலத் தடை கொடுத்தார். ஆனால் அது வழக்குப் போட்ட ஆறு பேருக்கு மட்டும். ஜூன் 17 அன்று, இதே நிலையில் இருக்கும் எல்லோரையும் ஒரே தொகுதியாகச் சேர்த்து அந்தப் பாதுகாப்பை விரித்தார். நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பிறந்தபோது இருந்த பாலைக் காட்டுவது, பிறந்த நாட்டைக் காட்டுவது போன்ற ஒரு வரலாற்றுத் தகவல்தான் என்பது பெரும்பான்மையின் பார்வை. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. அவர்களுக்காக கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் எழுதினார்.

எனக்கு அந்தப் பெரும்பான்மைக் கருத்து ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று. பிறந்த நாட்டைப் பார்த்து எந்த விமான நிலைய அதிகாரியும் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்ப்பதில்லை, தனி அறைக்குக் கூட்டிப்போவதில்லை. ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவில் ஒரு வாசல் திறந்திருந்தது. தாங்கள் வாழும் பாலினத்தோடு கடவுச்சீட்டு வாங்கும் வழி அப்போது இருந்தது. "கடைசியில் தடை நீங்கிவிட்டதே, என்ன பிரயோஜனம்" என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். அந்த வாசல் வழியாகப் போனவர்களுக்கு அது பெரிய விஷயம்.

தொகுதியாகச் சேர்ப்பது ஏன் முக்கியம் என்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே ஜூன் 27 அன்று, வேறொரு வழக்கில், வழக்கில் இல்லாதவர்களையும் சேர்த்து நாடு முழுவதற்கும் தடை போடும் அதிகாரம் கீழ் நீதிமன்றங்களுக்கு அநேகமாக இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு, யார் பெயரில் வழக்கு, யாரையெல்லாம் அதில் சேர்த்திருக்கிறார்கள் என்பது வெறும் முறைச் சிக்கலாக இல்லை. அதைப் பொறுத்தே ஒருவருக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பது முடிவாகிறது.

அப்புறம், கேள்வியை எப்படி வைப்பது என்ற விஷயம். இதில்தான் அதிகம் தங்க வேண்டியிருக்கிறது.

2020 ஜூன் 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், திருநர் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம் என்றது. ஆறுக்கு மூன்று. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியாக அறியப்பட்ட நீல் கோர்சச். வேலை இழந்து அந்த வழக்கில் நின்றவர்களில் ஒருவர் எய்மி ஸ்டீபன்ஸ். ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், இனிப் பெண்ணாக வேலைக்கு வரப்போகிறேன் என்று கடிதம் கொடுத்ததும் நீக்கப்பட்டவர். தீர்ப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பு காலமாகிவிட்டார். ஐந்து வருடம் கழித்து, 2025 ஜூன் 18 அன்று, அதே நீதிமன்றம் அதே ஆறுக்கு மூன்று கணக்கில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட திருநருக்கு ஹார்மோன் சிகிச்சையும் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்தும் தரக்கூடாது என்ற டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்றது. கோர்சச் இந்த முறை அந்தப் பக்கம்.

ஒரே நீதிபதி ஏன் இப்படி என்று பலர் குழம்பினார்கள். கேள்வி வேறு என்பதுதான் பதிலின் பெரும்பகுதி. முதல் வழக்கில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. "பால் காரணமாக" வேலையில் பாகுபாடு கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவரை நீக்குகிறாய், பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவரை நீக்கமாட்டாய்; அப்படியானால் நீ பாலைப் பார்த்துத்தானே முடிவெடுக்கிறாய்? இவ்வளவுதான் வாதம். சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் நீதிபதி ஒத்துக்கொண்டார்.

இரண்டாவதில் அப்படி ஒரு சட்டத்தைப் பற்றிக்கொண்டு போகவில்லை. அரசமைப்பின் சமத்துவ வாக்குறுதிதான் அடிப்படை. அங்கே முதல் சண்டையே, இந்தச் சட்டத்தை எவ்வளவு கடுமையாகச் சோதிப்பது என்பது. இனத்தை வைத்துப் பிரித்தால் நீதிமன்றம் மிகக் கடுமையாகக் கேள்வி கேட்கும். ஆண், பெண் என்று பிரித்தால் அரசு வலுவான காரணம் காட்ட வேண்டும். வேறு விதமாகப் பிரித்தால், ஏதோ ஒரு நியாயமான காரணம் இருந்தால் போதும், விட்டுவிடும். டென்னசிச் சட்டம் பாலை வைத்துப் பிரிக்கவில்லை, வயதையும் எந்த நோய்க்காக மருந்து என்பதையும் வைத்துத்தான் பிரிக்கிறது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். அந்த ஒரு வரியில் வழக்கு முடிந்துவிட்டது. கடைசிச் சோதனை மிக லேசானது, எந்தச் சட்டமும் அதில் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒரே மருந்தை ஒரு பையனுக்குக் கொடுக்கலாம், பெண்ணாகப் பிறந்த பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்றால் அது பாலைப் பார்ப்பது இல்லாமல் வேறென்ன என்ற எதிர்வாதம் மறுப்புத் தீர்ப்பில் இருக்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தப் பக்கம் போதிய ஓட்டு இல்லை. திருநர் என்ற பிரிவுக்கே தனியாகக் கூடுதல் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வியைப் பெரும்பான்மை தொடாமலே விட்டுவிட்டது. அதனால் அந்தக் கதவு முழுதாக மூடப்படவில்லை.

ஐரோப்பாவில் நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அகதி அந்தஸ்து பெற்று ஹங்கேரியில் வாழும் ஒரு திருநம்பி. பதிவேட்டில் பெண் என்று இருந்தது. அந்த நாட்டில் 2020 முதல் சட்டப்படி பாலின மாற்றத்தை அங்கீகரிக்கும் வழியே அடைக்கப்பட்டிருக்கிறது. அவர் தரப்பு கையில் எடுத்தது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை. என்னைப் பற்றி அரசு வைத்திருக்கும் தகவல் தவறானது, தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு, அவ்வளவுதான். 2025 மார்ச் 13 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதை ஏற்றது. அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்குச் சான்று கேட்கக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. பாலினம் பற்றிய பெரிய தத்துவச் சண்டை எதுவும் இல்லாமல், ஒரு பதிவேட்டுப் பிழையாக அதைக் கொண்டுபோன வக்கீலின் கெட்டிக்காரத்தனத்தை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, தோல்விக்கு வருவோம். தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அதற்கு பிரிட்டனின் கதையைப் படித்தால் கொஞ்சம் தைரியம் வரும். பிறப்புச் சான்றிதழில் பாலினத்தை மாற்றித் தரவேண்டும் என்று ஒரு திருநம்பி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார். 1986இல் 12க்கு 3 என்று தோற்றார். 1990இல் ஒரு திருநங்கை போனார், 10க்கு 8 என்று தோல்வி. 1998இல் இன்னும் இருவர், 11க்கு 9. எண்களைக் கவனியுங்கள், இடைவெளி எப்படிக் குறைந்து வந்திருக்கிறது. அதைவிட முக்கியம், மனுதாரர்களைத் தோற்கடித்த அந்தத் தீர்ப்புகளிலேயே, இந்த விஷயத்தை அரசு தொடர்ந்து பரிசீலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதி வைத்தார்கள். பிரிட்டன் அரசு ஒன்றும் செய்யவில்லை.

2002இல் கிறிஸ்டின் குட்வின் வந்தார். அவருடைய குறைகள் மிகச் சாதாரண வாழ்க்கையிலிருந்து வந்தவை. அரசுப் பதிவில் ஆண் என்பதால் அவருக்கு ஓய்வூதிய வயது 65, மற்றப் பெண்களுக்கு 60. தேசியக் காப்பீட்டு எண்ணை வைத்து முதலாளி தன் பழைய அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் வேறு. ஜூலை 11 அன்று 17 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். இத்தனை வருடம் சொல்லியும் நீங்கள் எதுவும் செய்யவில்லை என்பது அரசுக்கு எதிரான காரணங்களில் ஒன்றாக நின்றது. அதாவது, முன்பு தோற்ற ஒவ்வொருவரும் இந்த வெற்றிக்கு ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போயிருந்தார்கள். 2004இல் பிரிட்டன் பாலின அங்கீகாரச் சட்டம் கொண்டு வந்தது.

ஜப்பானிலும் கிட்டத்தட்ட இதே கதை, ஆனால் வேகமாக. சட்டப்படி பாலினம் மாற வேண்டுமானால் இனப்பெருக்கத் திறனே இல்லாதபடி செய்துகொள்ள வேண்டும் என்று அங்கே விதி. அது செல்லும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு நீதிபதிகள் மட்டும் தங்கள் சந்தேகத்தைத் தனியாகப் பதிவு செய்தார்கள். 2023 அக்டோபர் 25 அன்று அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, 15 பேரும் ஒரே குரலில், அந்த விதி அரசமைப்புக்கு முரண் என்றது. இடையில் ஐந்து வருடம்கூட ஆகவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பொய்யான நம்பிக்கை கொடுத்ததாகிவிடும். பிரிட்டனிலேயே 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம், 2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல்லுக்கு உயிரியல் பால் என்றுதான் பொருள், பாலின அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருந்தாலும் மாறாது என்று ஒருமனதாகச் சொன்னது. இந்த வழக்கைப் போட்டது எதிர்த் தரப்பு. ஸ்காட்லாந்து அரசு 'பெண்' என்பதில் திருநங்கைகளையும் சேர்த்துக்கொண்ட ஒரு விதியை எதிர்த்துப் போட்டார்கள். திருநங்கையான ஒரு முன்னாள் நீதிபதி தன்னையும் கேட்கும்படி விண்ணப்பித்தார், அனுமதி கிடைக்கவில்லை. யாருடைய வாழ்க்கை தராசில் இருக்கிறதோ அவர்கள் அறைக்குள் இல்லாமல் நடந்த வழக்கு அது என்பது எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம். நீதிமன்றக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். நீங்கள் வழக்குப் போடாமல் இருந்தாலும் வேறு யாராவது போடுவார்கள்.

முறை தவறினாலும் அடி விழும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பெண் உடை உடுத்தியதற்காகத் திருநங்கைகளைச் சிறைக்கு அனுப்பக்கூடிய விதி ஒன்று. மூன்று பேர் எதிர்த்தார்கள். 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மனிதக் கண்ணியத்துக்கு எதிரானது என்று அந்த விதியைச் செல்லாததாக்கியது. எவ்வளவு மகிழ்ச்சி அன்றைக்கு. மறு வருடம் அக்டோபரில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதைக் கவிழ்த்துவிட்டது. இப்படிப்பட்ட கேள்வியை எழுப்ப முதலில் தங்களிடம் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும், வழக்கைத் தொடங்கிய இடமே தப்பு என்பது காரணம். விதி நியாயமா இல்லையா என்ற பேச்சுக்கே போகவில்லை.

இந்தியாவைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஓரளவு தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கில், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக்கூடாது என்றது. ஐந்து வருடம் கழித்து வந்த 2019 சட்டம், மாவட்ட நிர்வாகத்திடம் சான்றிதழ், ஆண் அல்லது பெண் என்று மாற அறுவை சிகிச்சைச் சான்று என்று அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கத்தைக் கரைத்தது. எதிர்த்து உடனே மனுக்கள் போயின. ஆனால் பெரிய அரசமைப்பு வழக்குகளைவிட, ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன சிறிய வழக்குகள் பல நேரம் வேகமாகப் பலன் தந்திருக்கின்றன. பிரித்திகா யாஷினிக்குக் காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கான படிவத்தில் தன்னைக் குறிக்கக் கட்டமே இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது. சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது, 2017இல் பணியில் சேர்ந்தார். கர்நாடகத்தில் ஒரு காவலர் தேர்வு அறிவிப்பில் ஆண், பெண் மட்டுமே இருந்ததை எதிர்த்துப் போன வழக்கின் விளைவாக, 2021இல் மாநில அரசுப் பணி விதிகளே திருத்தப்பட்டு எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் 1 சதவீதம் ஒதுக்கப்பட்டது. "எல்லாப் பிரிவுகளுக்குள்ளும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். திருநர் அனைவரையும் ஒரே பிற்படுத்தப்பட்ட பிரிவில் போட்டால், ஒரு தலித் திருநங்கை தன் சாதிக்கான இடத்தையும் பாலினத்துக்கான இடத்தையும் ஒன்றை விட்டு ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

ஜெயித்த பிறகும் வேலை மிச்சமிருக்கும். ஹாங்காங்கில் 2023 பிப்ரவரியில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், அடையாள அட்டையில் பாலினம் மாற முழு அறுவை சிகிச்சை கேட்பது தவறு என்றது. புதுக் கொள்கை வர ஓராண்டுக்கு மேல் ஆனது. வந்ததோ, வேறு சில அறுவை சிகிச்சைகள், இரண்டு வருட ஹார்மோன் சிகிச்சை, அதைச் சரிபார்க்க இரத்தப் பரிசோதனை என்று புதிய நிபந்தனைகளோடு வந்தது. மறுபடியும் நீதிமன்றம். இது ஹாங்காங்குக்கு மட்டும் உரிய குணம் இல்லை. மனமில்லாத நிர்வாகம் எங்கேயும் தீர்ப்பின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு பொருளைத் தள்ளிப்போடும்.

இனி உங்கள் தோழியின் விஷயம். எந்த நாடு, எந்த அலுவலகம் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். பொதுவாக எல்லா இடத்துக்கும் பொருந்துகிற சிலவற்றைச் சொல்கிறேன். வாயால் சொன்ன மறுப்பை வைத்து வழக்குப் போடுவது கஷ்டம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள், மறுப்பையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். "புது விதி" என்றார்களே, அந்த விதியின் எண்ணும் தேதியும் என்ன? அது சட்டமன்றம் இயற்றிய சட்டமா, அமைச்சகத்தின் ஆணையா, அல்லது அந்த அலுவலகத்துக்குள் சுற்றிய சுற்றறிக்கை மட்டுமா? சுற்றறிக்கை என்றால் சண்டை ரொம்பச் சின்னது. மேலே இருக்கும் சட்டத்துக்கு முரணாக அது இருந்தாலே போதும், அரசமைப்பு வரை போக வேண்டியதில்லை. மறுப்பினால் உண்மையில் என்ன நடந்தது என்பதையும் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். எந்த வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை, எந்த வேலை கைநழுவியது, எந்தப் பயணம் நின்றது என்று. இடைக்காலத் தடை கேட்கும்போது "ஈடுகட்ட முடியாத பாதிப்பு" என்பதற்கு நீதிபதி இதைத்தான் கேட்பார். காலக்கெடுவையும் பார்க்க வேண்டும். நிர்வாக முடிவுகளை எதிர்க்கப் பல நாடுகளில் சில வாரங்களோ மாதங்களோதான் அவகாசம்.

வக்கீலைப் பார்க்கும்போது, இதே விதியை எதிர்த்து ஏற்கெனவே வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் தனியாகப் போடுவதைவிட அதில் சேர்ந்துகொள்வது நல்லதா என்று யோசிக்க வேண்டும். பெயரை வெளியிடாமல் நடத்த நீதிமன்றம் அனுமதிக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும், மனு தாக்கலான பிறகு கேட்டால் நேரம் கடந்திருக்கும். அப்புறம், வழக்கு வேண்டாம் என்று உங்கள் தோழி முடிவெடுத்தால் அதையும் மதியுங்கள். வருடக்கணக்கில் தன் உடம்பைப் பற்றி அந்நியர்கள் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியவர் அவர்தான். அந்த மறுப்புக் கடிதத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் வேறொருவர் போடும் வழக்கில் அது சாட்சியாகக்கூடும்.